நாள் குறிக்கும் உரிமை

தன் முயற்சியை நம்பி வாழ்வதா, இறைவனிடம் ஒப்புவித்துவிட்டு வாழ்வதா என்னும் கேள்வி பெரும்பாலும் ஆற்றலைப் பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. மனிதனால் எவ்வளவு முடியும், எந்த இடத்தில் அவன் கை ஓய்கிறது, அதற்கு மேல் யார் பொறுப்பு என்ற அளவில் விவாதம் நின்றுவிடுகிறது. ஆனால் ஆற்றலை விட்டுக்கொடுத்தவர்கள்கூட எளிதில் விட்டுக்கொடுக்காத ஒன்று காலம். ‘இனி எல்லாம் உன் பொறுப்பு’ என்று இறைவனிடம் சொன்னவர், சொன்ன கையோடு ‘தை பிறப்பதற்குள் முடித்துக் கொடு’ என்றும் சேர்த்துவிடுகிறார். காரியத்தை ஒப்படைத்துவிட்டு நாள் குறிக்கும் உரிமையை மட்டும் தம்மிடம் நிறுத்திக்கொள்ளும் இந்த நிலை ஒப்படைப்புதானா என்பதைத் தமிழகத்து வைணவ ஆசாரியர்களைப் போல நுணுகி ஆராய்ந்தவர்கள் குறைவு. 11-ஆம் நூற்றாண்டு தொடங்கி 15-ஆம் நூற்றாண்டு வரை திருவரங்கத்திலும் காஞ்சியிலும் இருந்து அவர்கள் வடமொழியிலும், தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையிலும் எழுதிய நூல்கள் வீடுபேற்றைக் குறித்தவை; ஆயினும் காத்திருத்தல் என்னும் மனித அனுபவத்தைப் பற்றி அவற்றில் கிடைக்கும் தெளிவு, வீடுபேற்றைப் பற்றிய கவலை இல்லாதவருக்கும் பயன்படக்கூடியது.

அடைய வேண்டிய பேற்றை ‘உபேயம்’ என்றும் அதை அடையும் வழியை ‘உபாயம்’ என்றும் அவர்கள் பிரித்தனர். இரண்டும் இறைவனே என்று தெளிந்து, தன்னைக் காக்கும் பொறுப்பை அவனிடமே விட்டுவிடுவது ‘பிரபத்தி’, அதாவது சரணாகதி. இதற்குக் குலமோ கல்வியோ தகுதியாகக் கேட்கப்படவில்லை. கைம்முதல் ஒன்றும் இல்லாமையாகிய ‘ஆகிஞ்சன்யம்’, வேறு புகலிடம் இல்லாமையாகிய ‘அநந்யகதித்வம்’ என்னும் இரண்டு இன்மைகளே தகுதியாக வைக்கப்பட்டன. இராமன் கடலரசனை வேண்டித் தருப்பையில் மூன்று இரவுகள் கிடந்தும் பலிக்காமற்போக, அதே கடற்கரையில் வீடணன் செய்த சரணாகதி உடனே பலித்ததற்கு உரைகாரர்கள் இந்தத் தகுதியைக் கொண்டே காரணம் கூறுவர். வில்லும் அம்பும் தோள்வலியும் உடையவனுக்குச் சரணாகதி பொருந்தாது என்பது அவர்கள் கருத்து. மூன்று இரவுக்கு மேல் பொறுக்க முடியாமல் இராமனே வில்லைக் கையில் எடுத்தான் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

காலத்தைப் பற்றிய கேள்வி இந்த இடத்தில்தான் நுழைகிறது. சரணடைந்தவர்களை ‘த்ருப்த பிரபன்னர்’, ‘ஆர்த்த பிரபன்னர்’ என இருவகையாக ஆசாரியர்கள் பிரித்தனர். பேறு உறுதி என்ற தெளிவோடு, இந்த உடல் விழும் நாள் வரையில் பொறுத்திருக்க இசைபவர் முதல் வகையினர். இனி ஒரு கணமும் தரிக்க மாட்டேன், இப்போதே வேண்டும் என்று துடிப்பவர் இரண்டாம் வகையினர். பொறுமையைப் போற்றும் ஒரு சமயத்தில் துடிப்பவர் கீழ்நிலையில் வைக்கப்பட்டிருப்பார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு வைக்கப்படவில்லை என்பதும், ஆழ்வார்களில் தலைவராகக் கருதப்படும் நம்மாழ்வாரே அந்தத் துடிப்புக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறார் என்பதும் இந்த மரபின் போக்கைக் காட்டுகின்றன.

வடகலை, தென்கலை என்று பின்னாளில் பெயர் பெற்ற இரு பிரிவுகளும் சரணாகதியை விளக்குவதில் வேறுபட்டன. தாயின் வயிற்றைக் குரங்குக்குட்டி தானே இறுகப் பற்றிக்கொள்வதையும், பூனைக்குட்டி தாயின் வாயில் சும்மா தொங்குவதையும் இவ்வேறுபாட்டுக்கு உவமையாகச் சொல்வது அனைவரும் அறிந்தது; அறிந்த அளவுக்கு அது நியாயமான உவமை அன்று. வடகலையின் ஆசாரியரான வேதாந்த தேசிகர் (1268–1369) சரணடைபவனின் செயலை வலிமையுள்ள பிடியாகக் கொள்ளவில்லை. அவர் அதை ‘வியாஜம்’ என்றார், அதாவது அருள் பாய்வதற்கு வேண்டிய ஒரு சாக்கு. எல்லா உயிர்களையும் காக்க வல்ல இறைவன் ஒருவனை மட்டும் இன்று காத்து மற்றொருவனை விட்டுவைத்தால் ஓரவஞ்சனை என்னும் பழி அவனுக்கு வரும். அது வாராதிருக்கச் சரணடைபவன் பக்கத்தில் ஏதேனும் ஒரு சிறு அசைவு வேண்டும் என்பதே தேசிகர் வாதம். அந்த அசைவும் ஒரே ஒரு முறை நிகழ்ந்தால் போதும். அதன்பின் சரணடைந்தவன் ‘நிர்பரன்’, சுமை இறக்கியவன். தென்கலையின் ஆசாரியரான பிள்ளை லோகாசாரியரோ தம்முடைய ஸ்ரீவசன பூஷணத்தில் அந்த அசைவையும் உபாயமாக எண்ணுதல் ஆகாது என்றார். உயிர் இறைவனைப் பற்றுவது ‘ஸ்வகத ஸ்வீகாரம்’, இறைவன் உயிரைப் பற்றுவது ‘பரகத ஸ்வீகாரம்’. இவற்றில் பின்னதே காப்பது என்பது அவர் துணிபு. இந்திரசித்தின் பிரம்மாஸ்திரத்தால் கட்டுண்டு கிடந்த அனுமனை, அது போதாதோ என்று ஐயுற்ற அரக்கர்கள் சணற்கயிற்றாலும் மரப்பட்டையாலும் சேர்த்துக் கட்டினர். வேறு கட்டைப் பொறுக்காத அந்த அத்திரம் உடனே விலகிப்போயிற்று. சரணாகதியோடு தன் முயற்சியைத் துணைக்குச் சேர்ப்பவனுக்கும் இதுவே நேரும் என்று ஆசாரியர்கள் எடுத்துக்காட்டினர்.

தன்னம்பிக்கையின் மிக நுட்பமான வடிவம் இந்தச் சணற்கயிற்றில் வெளிப்படுகிறது. முற்றிலும் தன்னை நம்புகிறவனிடம் ஒரு நேர்மையாவது உண்டு. இறைவனை நம்புவதாகச் சொல்லிக்கொண்டே, அவன் தாமதித்துவிட்டால் என்ன செய்வது என்று மாற்று ஏற்பாடு ஒன்றைக் கட்டிவைப்பவனிடம் அதுவும் இல்லை. அவனுடைய கயிறு பெரும்பாலும் ஒரு தேதியாகவே இருக்கிறது.

தேதியைப் பற்றிய மனத்தாங்கல் பெரியவர்களுக்கும் இருந்தது என்பதைக் குருபரம்பரை நூல்கள் மறைக்கவில்லை. ஆளவந்தார் என்னும் யாமுனாசாரியரின் அழைப்பை ஏற்று, அவர் சீடரான பெரிய நம்பியோடு காஞ்சியிலிருந்து புறப்பட்ட இராமாநுசர், திருவரங்கத்தை அடைந்தபோது ஆளவந்தார் திருநாடு அலங்கரித்துவிட்டிருந்தார், அதாவது மறைந்துவிட்டிருந்தார். உயிரற்ற உடலில் மூன்று விரல்கள் மடங்கியிருக்கக் கண்டு, நிறைவேறாத மூன்று விருப்பங்களைத் தாம் நிறைவேற்றுவதாக இராமாநுசர் உறுதி சொன்ன நிகழ்ச்சி பலரும் அறிந்தது. அதற்கு அடுத்து நடந்ததாகச் சொல்லப்படுவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தச் சந்திப்பை நிகழவொட்டாமல் செய்த பெருமாள்மீது மனம் நொந்து, அவரைச் சேவிக்காமலேயே இராமாநுசர் காஞ்சிக்குத் திரும்பினார். பின்னாளில் சரணாகதியைத் தம் சமயத்தின் நடுவிடத்தில் நிறுத்தப்போகிறவர், இறைவன் குறித்த நாளை ஏற்க முடியாமல் கோயில் வாசலைக் கடந்து போய்விட்டார் என்பதை அவருடைய சீடர் வழியினரே எழுதிவைத்தது வியப்புக்குரியது. வேறொரு மரபாக இருந்தால் அந்தப் பகுதியை நாசூக்காக விட்டிருப்பார்கள்.

காஞ்சியில் அவருக்கு விடையாகக் கிடைத்தவை ‘ஆறு வார்த்தைகள்’ எனப்படுபவை. பேரருளாளனாகிய வரதராசப் பெருமாளோடு உரையாடும் பேறு பெற்றவராகப் போற்றப்படும் திருக்கச்சி நம்பி வழியாக அவை வந்தன. முதல் இரண்டும் தத்துவத்தைப் பற்றியவை. மூன்றாவது பிரபத்தியே உபாயம் என்பது. ஆறாவது பெரிய நம்பியை ஆசாரியராகப் பற்றும்படி பணிப்பது. இடையில் உள்ள நான்காவதும் ஐந்தாவதும் முழுக்க முழுக்கக் காலத்தைப் பற்றியவை: இறக்கும் தறுவாயில் இறைவனை நினைத்தாக வேண்டும் என்ற நியதி சரணடைந்தவனுக்கு இல்லை, உடல் முடியும்போது வீடு உறுதி. கடைசிக் கணத்தில் எதை நினைக்கிறானோ அதையே உயிர் அடைகிறது என்பது கீதை வழி வந்த பழைய கொள்கை. அதன்படி பக்தி நெறியில் நிற்பவன் வாழ்நாள் முழுவதும் பாடுபட்டாலும் அந்த ஒரு கணத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தாக வேண்டும். நோயாலோ முதுமையாலோ நினைவு தப்பினால் அத்தனை முயற்சியும் கேள்விக்குறியாகிவிடும். பெரியாழ்வார் திருவரங்கனிடம் அந்த நேரத்தில் நினைக்க இயலாது போகும் என்று அஞ்சி முன்கூட்டியே விண்ணப்பித்துவைத்ததற்கு இந்த அச்சமே பின்புலம். நான்காம் வார்த்தை அந்தச் சுமையை இறக்கிவிடுகிறது. கட்டையும் கல்லுமாகக் கிடக்கும் அடியவனை அப்போது நினைக்க வேண்டியவன் இறைவன். மறதிக்கு ஆளாகாதவனிடம் அந்தக் கணம் ஒப்படைக்கப்படுகிறது. தன்னை நம்புதலின் எல்லை எது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டுவது கடினம். மனிதன் தன் இறுதி நேரத்தைக்கூடத் தானே நன்றாக நடத்திக்கொள்ள வேண்டியதில்லை என்று அறிவது, செயல்வீரர்களுக்கு ஆறுதலைவிட அதிர்ச்சியையே முதலில் தரும்.

ஆறு வார்த்தைகளைக் கேட்ட இராமாநுசர் அமைதியாக உட்கார்ந்துவிட்டாரா என்றால், இல்லை. திருவரங்கத்துக்கு விரைந்தார். அவரை அழைத்துவரப் புறப்பட்டிருந்த பெரிய நம்பியை வழியில் மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கோயிலில் கண்டார். காஞ்சிக்குச் சென்று பேரருளாளன் சன்னிதியில் உபதேசம் வைத்துக்கொள்ளலாமே என்று பெரிய நம்பி கருத, ஆளவந்தார் விஷயத்தில் நேர்ந்ததைச் சுட்டிக்காட்டி, இனி ஒரு பொழுதும் தாழ்க்கக் கூடாது என்று இராமாநுசர் வேண்டினார். அங்கேயே மகிழமரத்தடியில் தோளில் சங்கு சக்கரம் பொறித்தல் முதலிய ஐந்து சடங்குகளான ‘பஞ்ச ஸம்ஸ்காரம்’ நடந்தது. இறைவன் தரும் காலத்தை நம்புவது என்பதற்கு மெதுவாக நடப்பது என்று பொருள் கொள்பவர்களுக்கு மதுராந்தகம் இடைஞ்சலான செய்தி.

நம்மாழ்வாரிடம் இந்த விரைவு வேறொரு அளவை எட்டுகிறது. முதல் நூலாகிய திருவிருத்தத்தின் தொடக்கத்திலேயே பிறவியை முடித்துத் தரும்படி கேட்டவர், 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழியின் கடைசிப் பத்தில்தான் அதை அடைகிறார். அப்போதும், இனித் தம்மை விட்டு அகலக் கூடாது என்று இறைவனையும் திருமகளையும் தொட்டு ஆணையிட்டே அதைப் பெறுகிறார். இடையில் அழுகிறார், ஊடுகிறார், மடலேறுவேன் என்று மிரட்டுகிறார். காதலன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறியப் பழி தூற்றும் சங்க காலத்து வழக்கம் அது. நம்பிள்ளையின் சொற்பொழிவுகளை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ‘ஈடு முப்பத்தாறாயிரப்படி’ முதலான உரைகள் இந்த இடத்தில் நேரான கேள்வியைத் தவிர்க்கவில்லை. கேட்டவர் இவ்வளவு தகுதியுடையவர், கொடுப்பவனுக்கோ தடையில்லை. பிறகு ஏன் தாமதம்? இவரைக் கொண்டு உலகத்துக்காகப் பாசுரங்களைப் பாடுவித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது ஒரு விடை. பேற்றின் பெருமைக்கு ஈடான பசி விளைய வேண்டியிருந்தது என்பது மற்றொன்று. இரண்டாம் விடையைப் பலரும் விரும்பி எடுத்தாளுகின்றனர். ஆயினும் முதல் விடையே உறுதியானது. பசியை வளர்ப்பதற்காகக் காக்கவைத்தான் என்பது, பசித்தவனுக்குப் பிறர் சொல்லும் விளக்கமாக மாறிவிடும் ஆபத்து உடையது. பாடுவதற்காக வைத்திருந்தான் என்பதிலோ தாமதத்தின் பயன் கண்முன்னே நூலாக நிற்கிறது.

எப்படியாயினும், இந்தத் துடிப்புக்கு ‘த்வரை’ என்று பெயரிட்டு ஆசாரியர்கள் அதற்கு முழு இடம் கொடுத்தனர். காமனைத் தொழுத ஆண்டாளைக் குறித்தும் அவர்கள் இவ்வாறே பேசினர். பிற தெய்வத்தை நாடாத நெறியில் பிறந்தவள் காமனிடம் போனது பிழைதானே என்ற ஐயத்துக்கு, அன்பின் மிகுதியால் அறிவு கலங்கி நிகழ்ந்தது அது, தன்னைத் தானே காத்துக்கொள்ளும் முயற்சியாக அதை எண்ணலாகாது என்று விடை கூறினர். நம்பிக்கைக்கு எதிர்ச்சொல் அவசரம் என்ற எளிய எண்ணம் இங்கே உடைகிறது. கதறுவது, கடிந்துகொள்வது, நாளைக்கு வா என்று சொன்னால் ஏற்க மறுப்பது யாவும் இறைவனை நோக்கியே நிகழும்வரை அவை நம்பிக்கைக்குள் அடங்கும். அந்தத் துடிப்பால் இறைவனைக் கட்டாயப்படுத்திவிடலாம் என்று கணக்குப் போடும்போதுதான் அது கயிறாகிறது.

இதன் முழு வடிவம் அசோகவனத்துச் சீதை. தன் ஆற்றலை விட்டவளாகச் சீதையையும், நாணத்தை விட்டவளாகத் திரௌபதியையும், தன் தொழிலை விட்டவராகத் திருக்கண்ணமங்கையாண்டானையும் ஸ்ரீவசன பூஷணம் ஒரு வரிசையில் நிறுத்துகிறது. இராவணனைச் சாம்பலாக்கும் வல்லமை தனக்கு இருந்தும், இராமனின் கட்டளை இல்லாமையால் அதைப் பயன்படுத்தவில்லை என்று சீதையே சொல்வதாக வால்மீகி பாடுகிறார். முதுகில் ஏற்றிச் செல்கிறேன் என்ற அனுமனையும் அவள் மறுத்தாள். இவ்வளவும் ஒப்படைப்பு. ஆனால் அவளே அனுமனிடம், இன்னும் ஒரு மாதமே உயிர் தரித்திருப்பேன் என்று கெடுவும் சொல்லி அனுப்பினாள். இராவணன் வைத்த கெடுவில் இரண்டு மாதம் மீதி இருந்தது. அவள் அதைப் பாதியாகக் குறைத்தாள். செய்தியைக் கேட்ட இராமன், ஒரு மாதம் பிழைத்திருக்க முடிந்தால் அது மிக நீண்ட காலம், தன்னால் ஒரு கணமும் இயலாது என்கிறான். காத்திருப்பவளைவிடக் காக்கவைப்பவன் அதிகமாகத் துடிக்கிறான் என்ற இந்த உறவு முன்னால் இருக்கும்போது, சீதையின் கெடு நிபந்தனையாகத் தோன்றுவதில்லை; தன்னைத் தேடி வருகிறவனுக்குத் தன் நிலையைத் தெரிவிக்கும் செய்தியாகவே இருக்கிறது.

தன் முயற்சி உபாயமாகாது என்று எழுதிய கையே என்ன செய்தது என்பதற்கு வரலாறும் ஒரு சோதனை வைத்தது. 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, மூலவர் சன்னிதியைக் கல் சுவரால் மறைத்துவிட்டு, உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு சிறு கூட்டத்தோடு தெற்கே வெளியேறியவர் முதுமையின் உச்சியில் இருந்த பிள்ளை லோகாசாரியர். இறைவன் தன்னைக் காத்துக்கொள்ள மாட்டானா என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. உபாயமாகச் செய்யும் செயலுக்கும் ‘கைங்கரியம்’ எனப்படும் தொண்டாகச் செய்யும் செயலுக்கும் இடையே அவர் நூலில் காட்டிய வேறுபாடு அந்தக் காட்டுவழியில் நடைமுறையாயிற்று. தொண்டு செய்பவனுக்குச் செயல் குறைவதில்லை, பலன் இன்ன நாளில் வர வேண்டும் என்ற உரிமைதான் இல்லை. மதுரைக்கு அருகில் சோதிஷ்குடியில், இன்று கொடிக்குளம் என்று அடையாளம் காணப்படும் ஊரில், நம்பெருமாள் திரும்புவதைக் காணாமலேயே அவர் மறைந்தார். மலையாள நாடு, திருநாராயணபுரம், திருமலை, செஞ்சி என்று அலைந்த நம்பெருமாள் விசயநகரத் தளபதி கோபணனால் 1371-இல்தான் திருவரங்கம் சேர்ந்தார். இடைப்பட்ட 48 ஆண்டுகளில் அவரை அடையாளம் தெரிந்தவர்கள் ஏறத்தாழ இல்லாமற்போக, திருமேனி ஆடையின் ஈரத்தை நுகர்ந்து இவரே நம்பெருமாள் என்று ஒரு முதிய வண்ணார் உறுதிப்படுத்தியதாகக் கோயிலொழுகு என்னும் கோயில் வரலாற்று நூல் கூறுகிறது.

லோகாசாரியர் தம் இறுதியில் இட்ட பணி ஒன்றும் உண்டு. மதுரை அரசாங்கப் பொறுப்பில் மூழ்கிவிட்டிருந்த திருமலையாழ்வாரை மீட்டுச் சமயத் தலைமைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அது; அவருடைய சீடரான கூரகுலோத்தம தாசர் பொறுமையோடு அவரைத் தேடித் தேடிச் சென்று அதை நிறைவேற்றினார். அந்தத் திருமலையாழ்வார் திருவாய்மொழிப் பிள்ளையானார். அவருடைய மாணவரான மணவாள மாமுனிகள் (1370–1443), நம்பெருமாள் திரும்புவதற்கு ஓராண்டு முன் பிறந்தவர், ஸ்ரீவசன பூஷணத்துக்கு விரிவுரை எழுதினார். மூல நூலை எழுதிய லோகாசாரியர் ஒரு நாடோடிக் கூட்டத்தில் இறந்தார். நூல் நிலைபெற்ற காலத்தை அவர் குறிக்கவும் இல்லை, காணவும் இல்லை.

இந்தக் கொள்கை தவறான கையில் சேர்ந்தால் கொடுமையாகிவிடும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. வேலை இழந்தவரிடமும், பிள்ளைப்பேற்றுக்கு ஏங்குபவரிடமும், நோயாளியின் படுக்கையருகே இருப்பவரிடமும் ‘எல்லாவற்றுக்கும் நேரம் வர வேண்டும்’ என்று சொல்வது பெரும்பாலும் சொல்பவரின் சங்கடத்தைத் தீர்ப்பதற்கான வாக்கியமாகவே இருக்கிறது; உதவ வேண்டியவர் உதவாமல் நழுவுவதற்கும் அதுவே வசதியான வழி. பொறுமை ஒருவர் தம் கணக்கில் எழுதிக்கொள்ளத்தக்கது. அதைப் பிறர் கணக்கில் எழுதும் உரிமை எவருக்கும் இல்லை. இராமாநுசரின் வரலாறு இந்த வேறுபாட்டைத் திருக்கோட்டியூரில் காட்டுகிறது. மந்திரத்தின் உட்பொருளைப் பெறுவதற்காக அவர் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார் என்பது மரபு. ஒவ்வொரு முறையும் பிறகு வரும்படி திருப்பி அனுப்பப்பட்டு, மறுக்காமல் திரும்பினார். பெற்ற பிறகு, யாருக்கும் சொல்லலாகாது என்ற கட்டளையை மீறி, உடனே கூட்டத்தைக் கூட்டிக் கோயிலில் உரக்கச் சொல்லிவிட்டார். தமக்கு 18 நடை பொறுத்தவர் மற்றவர்களை ஒரு நடைகூடக் காக்கவைக்கச் சம்மதிக்கவில்லை.

இராமாநுசரின் சீடரான கூரத்தாழ்வான் செய்தியும் இதே வகையது. சோழ மன்னன் ஒருவனின் அவையில், தம் சீடனான நாலூரானின் தூண்டுதலால் நேர்ந்த கொடுமையில் கண்ணிழந்த அவரை, காஞ்சி வரதனிடம் பார்வையை வேண்டிப் பெறும்படி இராமாநுசர் பின்னாளில் வற்புறுத்தினார். ஆழ்வான் வடமொழியில் வரதராசஸ்தவத்தைப் பாடினார். வரம் கேட்கும் இடத்தில், தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தார். தம் கண்ணுக்காக அவரால் காத்திருக்க முடிந்தது, நாலூரானின் கதிக்காக முடியவில்லை. இராமாநுசருக்கோ ஆழ்வானின் கண்ணுக்காகக் காத்திருக்க முடியவில்லை. சரணாகதியைக் கற்பித்த அந்த ஆசாரியர், வரதன் இப்படிச் செய்துவிட்டானே என்று மீண்டும் ஒருமுறை இறைவனிடம் மனத்தாங்கல் கொண்டதாகவே அந்த வரலாறு முடிகிறது.